ஒருவர் வாசிக்க, ஊர் ஆறும்

வடசென்னையின் மனச்சுமையை இறக்கிவைக்கக் கிளை நூலகத்தில் ஒரு வழி இருக்கிறது. அதைக் காட்டத் தெரிந்தவர், சிறுவயதில் கதைப்புத்தகத்தோடு மூலையில் ஒதுங்கிய பிள்ளையாகத்தான் இருப்பார்.

திருவொற்றியூர் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. தாயின் சிதைக்குத் தீ மூட்டும்போது அவர் பாடியதாகச் சொல்லப்படும் பாடல்களைத் தமிழ்நாட்டின் சாவு வீடுகளில் இன்றும் கேட்கலாம். பெற்றவளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் மகனுக்கு, வருகிறவர்கள் சொல்லும் ஆறுதல் எதுவும் காதில் ஏறுவதில்லை. பாட்டு ஏறுகிறது. தனக்கு முன்பே ஒருவன் இதே தீயின் முன்னால் நின்று, தன்னால் சொல்ல முடியாததைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் என்று உணரும்போது, அடைத்துக் கிடந்த அழுகை உடைகிறது. வட மாவட்டங்களில் கருமாதி இரவில் ‘கர்ண மோட்சம்’ கூத்து வைக்கிறார்களே, அதிலும் இதே பொருள் உண்டு. களத்தில் சாயும் கர்ணனுக்காக ஊரே விடிய விடிய அழும். அந்த அழுகையோடு, வீட்டில் இறந்தவருக்கான அழுகையும் கலந்து இறங்கும். காரியம் கைகூடாத வீட்டில் சுந்தர காண்டம், காய்ச்சலில் கிடப்பவரின் தலைமாட்டில் கந்த சஷ்டி கவசம், ராயபுரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சங்கீதம், முஸ்லிம் வீடுகளில் யாசீன் அத்தியாயம் என்று, இன்ன துயரத்துக்கு இன்ன நூல் என்ற கணக்கு இந்த மண்ணுக்குப் பழகியது.

இந்தக் கணக்குக்கு மேற்கில் ஒரு பெயர் வைத்தார்கள். 1916-இல் சாமுவேல் மெக்கார்ட் குரோதர்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் எழுதிய கட்டுரை ஒன்றில் ‘பிப்ளியோதெரபி’ என்ற சொல்லைக் கையாண்டார். அதை ஒட்டிய ஆண்டுகளில், முதல் உலகப் போரில் காயம்பட்டவர்கள் படுத்திருந்த மருத்துவமனைகளுக்குள் நூலகங்கள் நுழைந்தன. 1924-இல் அலபாமா மாநிலம் டஸ்கீகியில், கறுப்பினப் படைவீரர்களுக்கான மருத்துவமனைக்கு நூலகராக வந்தார் சேடி பீட்டர்சன் டெலானி. சுமார் 200 புத்தகங்களோடு தொடங்கி, 1958-இல் இறக்கும்வரை அந்தப் பணியில் இருந்தார். நோயாளியின் நிலையை மருத்துவர்களோடு கலந்து தெரிந்துகொண்டு, அவருக்கென்று ஒரு நூலைத் தேர்ந்து கொடுப்பார். பார்வை இழந்தவர்களுக்கு பிரெய்ல் கற்றுக்கொடுப்பார். தமிழில் இதை வாசிப்பு மருத்துவம் என்று அழைக்கலாம். அதைச் செய்யத் தெரிந்த ஆளைப் படிப்பும் பயிற்சியும் மெருகேற்றலாம். ஆனால் அந்த ஆள் உருவாவது சிறுவயது வாசிப்பில்தான். ஆகவே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பிள்ளைகளுக்கு நடந்துபோகிற தூரத்தில் கதைப்புத்தகம் கிடைக்க வேண்டும் என்பதைக் கல்வித் துறையின் பொறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பகுதிக்கு ஒரு மனநலத் திட்டம் எழுதினால், அதன் முதல் வரி அதுவாக இருக்க வேண்டும்.

அதே கதை, திரும்பவும்

ஒரு குழந்தை அதே கதையை அதே வார்த்தைகளில் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பெரியவர்கள் பிடிவாதம் என்று நினைக்கிறார்கள். காட்டில் வழி தவறிய பிள்ளை கடைசியில் வீடு வந்து சேரும் கதையை நாற்பதாவது முறை கேட்கும் குழந்தைக்கு முடிவு தெரியும். தெரிந்த முடிவை நோக்கிப் பயத்தினூடாக நடந்து பார்ப்பதுதான் அதற்கு வேண்டியது. பயம் வரும், போகும், வீடு வரும். யாரும் எழுதித் தராமலே தனக்கு வேண்டிய மருந்தை, வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில் அது எடுத்துக்கொள்கிறது. 1949-இல் கரோலின் ஷ்ரோட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம் முனைவர் பட்ட ஆய்வில், வாசிப்பு எப்படி ஆற்றுகிறது என்பதை மூன்று படிகளாகப் பிரித்தார். கதையில் வருகிறவரோடு வாசகர் தம்மைப் பொருத்திக்கொள்கிறார். அவரோடு சேர்ந்து உள்ளே அடைத்துவைத்த உணர்ச்சியை வெளியே விடுகிறார். பிறகு தம் வாழ்க்கையைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிற தெளிவு வருகிறது. அந்த மூன்று படிகளையும் நாற்பது முறை ஏறி இறங்கிய குழந்தைக்கு அவற்றின் பெயர் தேவையில்லை.

அந்தக் குழந்தை வளர்ந்து நூலகர் ஆகலாம், ஆசிரியர் ஆகலாம், மருத்துவமனைச் செவிலியர் ஆகலாம். அப்போது அவரிடம் இருப்பது, இந்த இடம் வலித்தபோது இந்தக் கதை தொட்டது என்ற நினைவுச் சேமிப்பு. அட்டவணையைப் பார்த்துப் புத்தகம் எடுத்துக் கொடுப்பவருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. படுத்த படுக்கையான மனைவியை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் வந்து நின்றால், அட்டவணை ஒரு தன்னம்பிக்கை நூலைக் காட்டும். வாசித்து வளர்ந்தவரின் கை புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதைக்குப் போகும். சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே நோயாளி மனைவிக்குச் சமைத்தும், மருந்து கொடுத்தும், கடைசியில் அவள் சாவையும் தனியாக எதிர்கொள்ளும் பிரமநாயகம் பிள்ளையின் கதை அது. அதில் ஆறுதல் சொல்லே கிடையாது. ஆனால் பொறுப்பும் அன்பும் களைப்பும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்று அந்தக் கதைக்குத் தெரியும். அதைப் படிக்கிறவர் தம் களைப்பை நினைத்துக் குற்றவுணர்வு கொள்வதை ஒரு நாளாவது நிறுத்துவார். வீடு இடிக்கப்பட்டு மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்ட சிறுமிக்கு கி. ராஜநாராயணனின் ‘கதவு’ இருக்கிறது. தீர்வைப் பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போகப்பட்ட வீட்டுக் கதவை மீண்டும் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் பிள்ளைகளின் கதை. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நடுவில் பிழைப்பு நசுங்கும் காசிமேட்டுக் குடும்பத்துக்கு, 1977-இல் வெளிவந்த வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ தங்கள் வீட்டுப் பேச்சாகவே கேட்கும்.

முத்தியாலுப்பேட்டை முதல் பர்க்கன்ஹெட் வரை

இந்தச் சிறுவயதுப் பிடிப்பு பெரிய பணியாக விரிந்ததற்கு வடசென்னையிலேயே ஒரு வரலாறு உண்டு. 1823-இல் மருதூரில் பிறந்து, ஏழுகிணறு பகுதியில் வளர்ந்த, பின்னால் வள்ளலார் என்று அறியப்பட்ட இராமலிங்கருக்குப் பள்ளிப் பாடத்தில் மனம் ஒட்டவில்லை. அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவாளர். அன்றைய சொற்பொழிவு இருவர் வேலை: ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பொருள் விரிப்பார், சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போன ஒரு நாளில், இரண்டு பாட்டு பாடிவிட்டு வந்துவிடு என்று அனுப்பப்பட்ட சிறுவன், முத்தியாலுப்பேட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் பெரிய புராணத்தை விரித்துப் பேசி அவையைக் கட்டிப்போட்டான் என்று வள்ளலார் வரலாறுகள் சொல்கின்றன. அந்தப் பிள்ளை திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடையாக நடந்து பாடினார். பிறகு வடலூரில் 1867-இல் தருமசாலை தொடங்கிப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். மூலிகைகளைப் பற்றிக் குறிப்புகள் எழுதிவைத்தார். நூலில் ஊறிய சிறுவயதும், பிறர் வலியைத் தன் வலியாக எடுத்துக்கொண்ட முதிர்வயதும் அவர் வாழ்க்கையில் ஒரே இழையாக ஓடுகின்றன. வாடிய பயிரைக் கண்டு வாடும் மனம் எங்கே பழகியது என்று கேட்டால், பிற உயிரின் கதைக்குள் நுழைந்து நுழைந்து பழகிய சிறுவயதையும் அதற்கான விடையில் சேர்க்கத்தான் வேண்டும்.

முத்தியாலுப்பேட்டை வீட்டின் அமைப்பை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு துறைமுக ஊருக்குப் போவோம். இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், கப்பல் கட்டும் தொழிலால் எழுந்து, அந்தத் தொழில் நலிந்தபோது சேர்ந்து நலிந்த பர்க்கன்ஹெட்டில் 2002-ஆம் ஆண்டு ஜேன் டேவிஸ் ஒரு வாசிப்புக் குழு தொடங்கினார். அவர் நிறுவிய ‘தி ரீடர்’ அமைப்பு இன்று நூலகங்கள், மருத்துவமனைகள், சிறைகள், முதியோர் இல்லங்கள் என்று பரவியிருக்கிறது. முறை எளியது. சிறு வட்டமாக உட்காருகிறார்கள். ஒருவர் கதையையோ கவிதையையோ நிதானமாக உரக்க வாசிக்கிறார். ஓர் இடத்தில் நிறுத்துகிறார். யாராவது பேச நினைத்தால் பேசலாம், சும்மா இருக்க நினைத்தால் இருக்கலாம். உங்களுக்கு என்ன பிரச்சினை என்று யாரும் கேட்பதில்லை. கதையில் வரும் கிழவியைப் பற்றிப் பேசுகிற பாவனையில், பத்து வருஷமாகச் சொல்லாத ஒன்றை ஒருவர் சொல்லிவிடுகிறார். முத்தியாலுப்பேட்டை வீட்டில் நடந்ததும் அமைப்பில் இதுதான்: ஒருவர் வாசிப்பு, ஒரு வட்டம், கதை வழியாக மனம் திறப்பு. இறக்குமதிச் சரக்கு என்று இதைத் தள்ளிவைக்க நமக்குக் காரணம் இல்லை.

ஆய்வு சொல்வதும் சொல்லாததும்

இதற்கு மருத்துவச் சான்று இருக்கிறதா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கான தன்னுதவி நூல்களைப் பொறுத்தவரை சான்று நன்றாகவே இருக்கிறது. 1997-இல் நெதர்லாந்து ஆய்வாளர் பிம் கைபர்ஸ் ஆறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இத்தகைய நூல்கள் கண்கூடான பலன் தந்திருப்பதைக் காட்டினார். வேல்ஸின் கார்டிஃப் நகரில் உளவியலாளர் நீல் ஃப்ரூட் தொடங்கிய திட்டத்தில், மருத்துவர் புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டைக் காட்டி நூலகத்தில் புத்தகம் வாங்கிக்கொள்ளலாம். 2013 முதல் இங்கிலாந்து நூலகங்களிலும் இதே வழியில் ஒரு திட்டம் நடக்கிறது. கதையும் கவிதையும் என்று வரும்போது சான்று மெலிகிறது. இலக்கியக் கதையின் சில பக்கங்களைப் படித்தவுடன் பிறர் மனதை அறியும் திறன் கூடுகிறது என்று 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது. பின்னால் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு வேளை கஞ்சி குடித்தவன் பலசாலி ஆவதில்லை. இலக்கியம் மாத்திரை போல வேலை செய்யும் என்று எதிர்பார்த்த கேள்வியில்தான் பிழை இருந்தது. அது உணவு போல, வருஷங்களில், சிறுவயதிலிருந்து சேர்ந்து சேர்ந்துதான் உடம்பில் ஒட்டும். சிறுவயதிலேயே தொடங்க வேண்டும் என்ற வாதத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

வாசிப்பு மருத்துவம் மனநல மருத்துவத்துக்கு மாற்று என்று யாராவது சொன்னால், அவரை நம்பக் கூடாது. மனச்சிதைவுக்கும், தற்கொலை எண்ணத்துக்கும், கட்டுமீறிய குடிக்கும் மருத்துவர் வேண்டும், மாத்திரை வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் ஸ்டான்லி மருத்துவமனையும் வடசென்னைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்குத் தொலைபேசியிலேயே பேசலாம். ஆனால் 2015-16 தேசிய மனநல ஆய்வைப் பாருங்கள்: ஆய்வு செய்யப்பட்ட பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை. மனநல மருத்துவமனை வாசலை மிதித்தால் பைத்தியம் என்பார்களோ என்ற பயம் அவர்களில் பலரைத் தடுக்கிறது. நூலக வாசலை மிதித்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வாசிப்பு வட்டத்தில் ஒருவர் பேச்சு இருட்டும் திசையில் போவதைக் கவனிக்கும் நூலகர், அவரை மெல்ல மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் திண்ணை அது.

காற்று கெட்டிருக்கும்போது கதை எதற்கு?

எல்லாவற்றிலும் கூர்மையான மறுப்பு எண்ணூரிலிருந்து வரும். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியில் அள்ளிய கரை இது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவிய எண்ணெய் படகையும் வலையையும் நாசமாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவர்கள் மன வேதனைக்குக் காரணம் மனதில் இல்லை, காற்றிலும் தண்ணீரிலும் இருக்கிறது. அவர்கள் கையில் நாவலைக் கொடுப்பது, ஆலையைக் கேட்க வேண்டிய கேள்வியை ஆள் மேல் திருப்பிவிடும் வேலை இல்லையா? இது நியாயமான கோபம். புத்தகம் கொடுத்துப் போராட்டத்தைத் தணிக்கலாம் என்று எந்த நிர்வாகமாவது நினைத்தால், அதை முதலில் எதிர்க்க வேண்டியவர் வாசிப்பை நேசிப்பவர்தான்.

ஆனால் வடசென்னையில் வாசிப்பு ஆட்களைத் தூங்கவைத்ததா, எழுப்பியதா என்று வரலாற்றைக் கேட்டுப் பார்க்கலாம். பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பக்திச் சபையை நடத்தினார்கள். பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் அங்கே புராணக் கதை கேட்க வந்தார்கள். கதை கேட்க வந்த இடத்தில் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள்: ஆலையில் வாங்கும் அடி, திட்டு, போதாத சாப்பாட்டு இடைவேளை. 1918-இல் அந்தச் சபைக்கு வந்து பேசினார் திரு.வி.க. அதே ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் ஒழுங்கமைந்த தொழிற்சங்கம் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். பி.பி. வாடியா அதன் தலைவர். பிறர் துன்பத்தைச் சேர்ந்து உட்கார்ந்து கேட்ட பழக்கம், தன் துன்பத்துக்குச் சொல் கண்டுபிடித்தது. சொல் கிடைத்த துன்பம் கோரிக்கை ஆனது. பெரிய நூலகத்தை வீட்டில் சேர்த்து, 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலர், அந்தக் கரையின் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். தெருமுனைப் படிப்பகங்களில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்ட மரபு திராவிட இயக்கத்தையும் பொதுவுடைமை இயக்கத்தையும் வளர்த்தது. துயரத்தில் வாயடைத்துக் கிடப்பவர் மனு எழுத மாட்டார், வழக்குப் போட மாட்டார். அவரைப் பேசவைக்கும் எதுவும் போராட்டத்துக்கு எதிரி ஆக முடியாது.

இன்னொரு மறுப்பு எளிமையானது: நேரமில்லை, இடமில்லை, எழுத்துக்கூட்டிப் படிக்கவே தெரியாது. இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவரும், விடியற்காலை காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையோடு கிளம்பும் அக்காவும் முந்நூறு பக்க நாவலை எப்போது படிப்பார்கள்? படிக்க வேண்டாம், கேட்டால் போதும் என்பதுதான் விடை. இருபது நிமிஷத்தில் வாசித்து முடிக்கக்கூடிய சிறுகதைகள் தமிழில் குவிந்து கிடக்கின்றன. கர்ண மோட்சம் பார்ப்பவர்களிடம் யாரும் எழுத்துத் தேர்வு வைப்பதில்லை. சாவு வீட்டில் விடிய விடியக் கானா கேட்கும் இந்தப் பகுதி மக்களுக்குக் காதால் வாசிக்கச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. கைப்பேசி பழகிய பிள்ளை புத்தகத்தைத் தொடாது என்ற கவலையும் இதில் பாதி கரையும். கதை சொல்லும் மனிதக் குரல் எதிரில் இருந்தால், பிள்ளை திரையிலிருந்து தலையை நிமிர்த்துகிறது. அப்படிக் கேட்ட கதையைத் தேடித்தான் அது முதல் புத்தகத்தைத் திறக்கும்.

நூலகரிடம் கேட்க வேண்டியது

நூலகங்களைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கு அடித்தளம் பலமானது. இந்தியாவில் வழிகாட்டியாக அமைந்த பொது நூலகச் சட்டத்தை 1948-இல் சென்னை மாகாணம் இயற்றியது. அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூலும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகரும் உண்டு என்ற கருத்தை அவர் 1931-இல் நூலக அறிவியலின் விதிகளில் சேர்த்தார். வாசிப்பு மருத்துவத்தின் இலக்கணமும் அந்தக் கருத்துக்குள் அடங்கிவிடுகிறது. சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரி, வரியில் ரூபாய்க்கு 10 காசு. மாநிலத்தில் 4,500-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. கொளத்தூரில் 2024-இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு நல்ல மேசையும் விளக்கும் கொடுக்கிறது. புத்தகக் கண்காட்சியில் அரங்கு போட்டுக் கைதிகளுக்குப் புத்தகம் சேர்க்கிறது சிறைத்துறை. இத்தனை இருந்தும், கிளை நூலகத்தில் தேர்வு வழிகாட்டிக்கும் செய்தித்தாளுக்கும் கிடைக்கும் மரியாதை, கதைப்புத்தகத்தோடு தரையில் உட்காரும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

கேட்க வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒவ்வொரு கிளை நூலகத்திலும் வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம், உரத்த வாசிப்பு நடக்கட்டும். ஷிஃப்ட் மாறும் நேரம், மீன் சந்தை ஓயும் நேரம் பார்த்து அந்த மணியை வைக்கலாம். வாசிக்க விருப்பமுள்ள நூலகருக்கு, யாரை எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று அரசு மனநல மருத்துவர்கள் சில நாள் பயிற்சி கொடுக்கலாம். ஸ்டான்லி போன்ற மருத்துவமனைகளில் நோயாளியோடு இரவுபகலாகக் காத்திருக்கும் உறவினர்களுக்கு ஒரு புத்தக அலமாரியும், மாலையில் ஒரு குரலும் வேண்டும். கரன் கார்க்கியும் பாக்கியம் சங்கரும் எழுதிய வடசென்னை மனிதர்கள் அந்த அலமாரியில் இருக்க வேண்டும். தன் தெருவை அச்சில் பார்ப்பதே பலருக்கு முதல் ஆறுதல். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளைகள் பகுதி மாலை ஏழு மணிக்கும் திறந்திருக்க வேண்டும்.

திருவொற்றியூர் இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்று ஒரு பெயர் உண்டு. அரசனுடைய வரி ஓலையின் வரிகளுக்கு நடுவே, இந்த ஊரை மட்டும் விலக்கச் சொல்லி ஒரு வரியை யாரும் அறியாமல் எழுதிச் சேர்த்தான் என்பது தலபுராணம். எழுத்து ஓர் ஊரின் சுமையை இறக்கும் என்று நம்பிய ஊர் அது. அந்த நம்பிக்கையை நடைமுறைக்குக் கொண்டுவர இன்று தேவைப்படுவது, ஒரு நூலகர், ஒரு வட்டம், ஒரு கதை. 2045-இல் அந்த வட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு ‘செல்லம்மாள்’ கதையை எடுக்கப்போகிறவருக்கு இன்று எட்டு வயது. எண்ணூரில் ஒரு நூலக வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கலாம். வா, உட்கார் என்று சொல்ல அங்கே ஒருவர் இருந்தாக வேண்டும்.